கல்லின் மற்ற பாதி

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணா,

நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணிக்கு இருமல் நின்றதா? போன கடிதத்தில் இரண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. நீ எழுதாமல் விட்டால் அது சரியாகவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

நீ அனுப்பிய பெட்டி வந்தது. பதினோரு கல். ஒன்றுகூட மூலை உடையவில்லை. ஒவ்வொன்றிலும் தட்டு, மூலை, தேதி என்று நீ சீட்டு ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு எங்கள் துறைத் தலைவி, "உங்க அண்ணனை இங்க வேலைக்கு எடுத்துக்கலாம். இங்க இருக்கிறவங்களுக்குத் தேதி போடச் சொல்லிக் குடுக்கவே எனக்குப் பத்து வருஷம் ஆச்சு" என்றார். அருங்காட்சியகத்தில் அவர் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. நீ அதிர்ஷ்டக்காரன்.

நாள் முழுக்க நான் என்னதான் செய்கிறேன் என்று அண்ணி கேட்டதாக எழுதியிருந்தாய். சொல்லிப் பார். செத்துப்போன செடி முழுதாகக் கல்லாவதில்லை. இலை ஓரிடத்தில், விதை ஓரிடத்தில், தண்டு வேறு ஓரிடத்தில் போய்ச் சேரும். நாங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைப்போம். ஒரே செடிக்கு மூன்று பெயர். ஒட்டியபடி ஒரு கல்லில் கிடைக்கும்வரை அவை மூன்றும் ஒன்றையொன்று தெரியாத ஆட்கள். கிடைத்துவிட்டால் சொந்தக்காரர்கள். இவ்வளவுதான் வேலை.

உங்கள் களிமண் குழியின் மேல் தட்டில் வரும் இலைகள் எல்லாமே பூக்கும் செடிகள். நரம்பு ஓடும் அழகைப் பார்த்தாலே தெரியும். ஆனால் அவை எல்லாம் பூச்செடிகள் உலகில் வந்து குடியேறிய பிறகு பிறந்தவை. முதல் பூ எப்படி வந்தது என்று அவற்றைக் கேட்டுப் பயனில்லை. அடியில் கருப்பாக ஒரு அடுக்கு இருக்கிறதே, அதைத்தான் கேட்க வேண்டும். அதிலிருந்து ஒரு துண்டு கிடைக்குமா? டிசம்பரில் என் வேலையை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். மூன்று வருஷமாகப் பிறர் கண்டுபிடித்ததை அடுக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். என்னுடையது என்று காட்ட ஒன்றாவது வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பூச்சி

✦

மார்ச் 1

அன்புள்ள பூச்சிக்கு,

இங்கு எல்லோரும் சௌக்கியம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதற்கும் என் வயசுதானே. அண்ணியின் இருமல் போய்விட்டது. நீ சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள். ஆபீஸ் போனில் பேசலாம் என்றால் மேனேஜரின் காது அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் எழுதுகிறேன்.

கருப்புப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று போர்டு வைத்தாகிவிட்டது. மழைக்குப் பிறகு அடியில் கசிவு. மேலே இருபது அடிக் களிமண் நிற்கிறது. அதனால் அந்த ஆசையை விட்டுவிடு.

ஆனால் ஒன்று கிடைத்திருக்கிறது. எங்கள் மண் வெட்டுகிற ஆளை, ரேடியோ என்று கூப்பிடுவோமே, உனக்கு நினைவிருக்கும். போன தடவை நீ வந்தபோது ஒரு மணி நேரம் உன்னிடம் பேசிவிட்டு, "உங்க தங்கச்சி நல்லாப் பேசுது" என்று என்னிடம் சொன்னாரே, அவர்தான். அவர் கடப்பாரை போட்டபோது ஒரு கட்டி இரண்டாகப் பிளந்திருக்கிறது. உள்ளே பார்த்துவிட்டு, "மேஸ்திரி, பொம்மைக்குச் செஞ்ச சோளக்கதிர் மாதிரி ஒண்ணு இருக்கு, வந்து பாருங்க" என்று கத்தினார். நான் கீழே இறங்கி வருவதற்குள் விலையும் பேச ஆரம்பித்துவிட்டார். "உங்க தங்கச்சி வேலை பாக்குற எடத்துல வாசல்ல என் போட்டோவை மாட்டணும். அதுக்குக் குறைச்சு குடுக்கமாட்டேன்." மாலையில் இதை அவர் வீட்டு வாசலிலும் சொன்னார். அவர் மனைவி, "போட்டோலயாவது வாயை மூடிட்டு இருப்பீங்களா?" என்று கேட்டார். குடியிருப்பு வரிசை முழுக்கச் சிரித்தது.

கல்லை ஆபீஸ் வண்டியில் அனுப்பியிருக்கிறேன். மேல் தட்டு, வடக்கு மூலை, பிப்ரவரி 26. சீட்டிலும் எழுதியிருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்

✦

மார்ச் 18

அன்புள்ள அண்ணா,

நலம். நீங்களும் நலம்தானே. ரேடியோவிடம் சொல், போட்டோவுக்கு இடம் பார்த்துவிட்டேன்.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. விரல் நீளம்கூட இல்லாத ஒரு காம்பு. அதன் நுனியில் ஒன்பது சின்னப் பைகள். இதழ் ஒன்றும் கிடையாது. அதைப் பூ என்று சொன்னால் அண்ணி சிரிப்பார். ஆனால் ஒவ்வொரு பைக்குள்ளும் விதையின் நிழல் விழுந்திருக்கிறது. விதையைத் திறந்தபடி விட்டுவிடாமல் மூடி வைத்துக்கொள்வதுதான் பூக்கும் செடியின் குணம். அதற்குமுன் இருந்த செடிகளுக்கு அது தெரியாது. பக்கத்திலேயே ஒரு இலை. அதன் நரம்புகள் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அலைகின்றன. மேல் தட்டு இலைகளின் ஒழுங்கு அதில் இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் இது இன்னும் பழையது என்று எனக்குத் தோன்றுகிறது. மேல் தட்டுதானே, நிச்சயமாக?

தலைவியிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "கண்ணு ஒண்ணு சொல்லுது, சீட்டு ஒண்ணு சொல்லுது. நீ எதை நம்புற?" என்றார். சீட்டை எழுதியது என் அண்ணன் என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

ஒரே குறை. கல் பிளக்கும்போது செடி ஒரு பக்கமே ஒட்டிக்கொண்டு வராது. கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம். காம்பும் இலையும் சேரும் மூட்டு என் பாதியில் பிய்ந்துபோயிருக்கிறது. அது மற்ற பாதியில்தான் இருக்கும். மூட்டு இல்லாவிட்டால் இவை இரண்டும் அக்கம்பக்கம் விழுந்த இரண்டு பெயர்கள், அவ்வளவுதான். இருந்தால் ஒரே செடி. என்னுடைய செடி.

பிளந்த இடத்திலேயே அது கிடக்கும். ஒருதரம் தேடச் சொல். ரேடியோவையே அனுப்பு, அவருக்குத்தான் இடம் தெரியும். அடுத்த மழைக்குள் கிடைத்தால் நல்லது. களிமண்ணில் நனைந்தால் எல்லாம் கூழாகிவிடும்.

பூச்சி

✦

மே 2

பூச்சிக்கு,

உன் இரண்டு தபால் அட்டைகளும் வந்தன. பதில் எழுத முடியவில்லை. எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

ரேடியோ இறந்துவிட்டார். ஏப்ரல் 3, வியாழக்கிழமை. கீழே கருப்புப் பக்கம் மண் சரிந்தது. நாங்கள் தோண்டி எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது.

விசாரணை அதிகாரி வந்து நாலு நாள் இருந்து எல்லோரையும் கேட்டார். போர்டு இருந்தும், யாரும் அனுப்பாமல், அவராகவே போனார் என்று எழுதிக்கொண்டார்கள். விதியை மீறிச் செத்ததால் குடியிருப்பு வீட்டில் அவர் குடும்பத்துக்கு உரிமை இல்லையாம். ஜூலை 31 வரை அவகாசம். இரண்டு பெண்கள். பெரியவள் பத்தாவது.

மற்ற பாதி கிடைக்கவில்லை. இனி அதைப் பற்றி எழுதாதே. கல் மேல் தட்டுதான்.

அண்ணன்

✦

மே 10

அன்புள்ள அண்ணா,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே தயக்கமாக இருக்கிறது. தோண்டியவர்களில் நீயும் இருந்திருப்பாய். கை எப்படி இருக்கிறது? தூங்குகிறாயா?

அவர் குரல் காதிலேயே இருக்கிறது. அவர் அப்படி விதியை மீறிப் போகிறவரா? பேச்சுதான் அதிகம், மற்றபடி பயந்த சுபாவம் என்று நீதானே சொல்வாய். போகட்டும். செத்தவரை இப்போது போய்க் கேள்வி கேட்பது அழகில்லை. அவர் வீட்டு அக்காவைப் பார்த்தால் என் சார்பில் ஏதாவது சொல். என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

உன் வார்த்தையை வைத்துக் கல்லைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டேன். மேல் தட்டு, நீரில் வளர்ந்த செடி. நீர்ச் செடிகளின் நரம்பு கொஞ்சம் ஒழுங்கு கெட்டுத்தான் ஓடும். அந்தக் காரணம் போதும். காம்புக்கு ஒரு எண், இலைக்கு ஒரு எண். தலைவி, "உனக்கே இதுல நம்பிக்கை இல்லை, கையெழுத்துலயே தெரியுது" என்றார். எண்ணை அழுத்தி இன்னொரு தரம் எழுதினேன்.

மற்ற பாதியை இனிக் கேட்கமாட்டேன். முடிந்தபோது இரண்டு வரி எழுது.

பூச்சி

✦

ஜூன் 21

அண்ணா,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. அண்ணியும் எழுதவில்லை. நலமாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

கல்லின் ஓரத்திலிருந்து ஒரு சிட்டிகை சுரண்டி அமிலத்தில் கரைக்கக் கொடுத்தேன். கல் கரைந்துபோகும், அதில் சிக்கிய மகரந்தம் மட்டும் கரையாமல் நிற்கும். அமில அறைக்காரர் நாலு நாள் கழித்துக் குப்பியைக் கொண்டுவந்து, "உன் கல்லு லேசுல கரையமாட்டேங்குது. எந்த ஊர்க் கோபமோ" என்றார்.

மேல் தட்டுக் களிமண்ணில் எங்கே தொட்டாலும் மூன்று கீறல் உள்ள மகரந்தம் வரும். முன்பு நீ அனுப்பிய பதினோரு கல்லிலும் வந்தது. இந்தக் கல்லில் நானூறு மணிகள் பார்த்தேன். மூன்று கீறல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஒற்றைக் கீறல். மூன்று கீறல் செடிகள் பிறப்பதற்கு முந்தின மண் அது. இந்தக் கல் கருப்பிலிருந்து வந்தது அண்ணா. மார்ச்சில் என் கண் சொன்னது சரி. உன் சீட்டுதான் தப்பு.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. உன்னிடம் அதை மறைக்க விரும்பவில்லை. எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். அப்புறம்தான் உன் சீட்டில் இருந்த தேதியைப் பார்த்தேன். பிப்ரவரி 26. அன்றைக்கு ரேடியோ கருப்பில் கடப்பாரை போட்டிருக்கிறார். "வந்து பாருங்க" என்று கூப்பிட்டதும் நீ கீழே இறங்கியதாக எழுதியிருக்கிறாய். அப்படியானால் அங்கே வேலை நடந்திருக்கிறது, உனக்குத் தெரிந்தே. அப்புறம் எப்படி யாரும் அனுப்பாமல் அவராகவே போனார் என்று எழுதினார்கள்? அவர்கள் கேட்டபோது நீ என்ன சொன்னாய்?

இதற்கு மட்டும் பதில் எழுது. மற்றது எதுவும் வேண்டாம்.

பூச்சி

✦

ஜூலை 4

அன்புள்ள பூச்சிக்கு,

சௌக்கியம். நீ கண்டுபிடித்ததில் எனக்குச் சந்தோஷம். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

ஆமாம், கருப்புதான். ஓட்டுத் தொழிற்சாலைக்காரர்கள் மேல் தட்டு மண்ணில் கூழாங்கல் வருகிறது என்று டிசம்பரிலிருந்தே திருப்பி அனுப்பினார்கள். மேனேஜர் வாய்ச்சொல்லாக, "போர்டு பாட்டுக்கு இருக்கட்டும், வேலை பாட்டுக்கு நடக்கட்டும்" என்றார். தாளில் எதுவும் கிடையாது. ஆள் அனுப்பியது நான். சீட்டில் கருப்பு என்று எழுதினால் ஆபீஸ் வண்டியில் யாராவது படிப்பார்கள் என்று மேல் தட்டு போட்டேன். அப்போது அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. விசாரணையில் மேனேஜர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரையும் அனுப்பவில்லை என்று சொன்னேன்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இதோடு ஒரு புதுச் சீட்டு வைத்திருக்கிறேன். என் கையெழுத்துதான். கருப்பு அடுக்கு என்று சரியாகவே எழுதியிருக்கிறேன். தேதி மட்டும் இரண்டு வருஷம் முன்னால். அப்போது அங்கே வேலைக்கு அனுமதி இருந்தது. பழைய சீட்டைக் கிழித்துவிடு. உன் பூ அத்தனை கோடி வருஷம் கிடந்தது, இரண்டு வருஷம் யாருக்குத் தெரியப்போகிறது? நீ உன் கட்டுரையை எழுதிக்கொள். டிசம்பரில் உன் வேலை நிரந்தரமாகட்டும். குழியில் யாரும் உங்கள் பத்திரிகை படிப்பதில்லை.

இதற்கு மேல் தோண்டாதே. எனக்காகச் சொல்லவில்லை.

அண்ணன்

✦

ஜூலை 11

அண்ணா,

புதுச் சீட்டு வந்தது. அதைக் கல்லின் பக்கத்தில் வைத்து ஒரு பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டவில்லை. ஆனால் உடனே கிழித்துப் போடவும் இல்லை. அதையும் நீ தெரிந்துகொள். பசையை எடுத்து மூடியைத் திறக்கும் வரைக்கும் போனேன்.

கல்லுக்கு இரண்டு வருஷம் ஒன்றுமில்லை. அந்த அக்காவுக்கு ஜூலை 31. செத்துப்போனவர் திருட்டுத்தனமாகப் போய்ச் செத்தார் என்று அவருடைய பெண்கள் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நீ காலையில் அந்த வாசலைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறாய். எப்படிப் போகிறாய்?

இன்றிலிருந்து பத்து நாள். நீயே போய் அதிகாரியிடம் சொல். போகாவிட்டால் உன் பழைய சீட்டின் நகல், பதிவேட்டின் நகல், மகரந்தக் கணக்கு மூன்றையும் நான் அனுப்புவேன். எனக்காகச் சொல்லவில்லை என்கிறாய். உன்னைத் தவிர இதில் வேறு யாரைக் காப்பாற்ற இருக்கிறது?

உன் தங்கை

✦

ஜூலை 18

அன்புள்ள பூச்சி,

நலமா? நான் எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. நீ கேட்ட இருமல் ஜனவரியிலேயே நின்றுவிட்டது.

உன் கடிதத்தை அவர் படித்துவிட்டு மேசை மேலேயே வைத்துவிட்டுப் போனார். நான் எடுத்துப் படிப்பேன் என்று தெரியும். அவர் வாயால் சொல்லமாட்டார். அதனால் நான் சொல்கிறேன்.

மார்ச் பாதியிலேயே கருப்பில் வேலையை நிறுத்திவிட்டார்கள். மேலே விரிசல் விட்டிருந்தது, கை நுழையும் அளவுக்கு. மேனேஜரே பயந்துபோய் ஆளை ஏற்றிவிட்டார். ஏப்ரல் மூணாம் தேதி அங்கே யாருக்கும் ஒரு வேலையும் இல்லை. முதல் நாள் மேகம் கட்டியிருந்தது. காலையில் உன் அண்ணன் ரேடியோவைக் கூப்பிட்டு, "அந்தக் கல்லோட இன்னொரு பாதி வேணுமாம், தங்கச்சி எழுதியிருக்கு. மழைக்கு முன்னாடி ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுறீங்களா?" என்று கேட்டார். நான் இங்கே வாசலில்தான் நின்றேன். ரேடியோ, "பாப்பா கேட்டு இல்லைன்னா சொல்றது? அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் தடுக்கவில்லை. டீ ஆறிவிடும், குடித்துவிட்டுப் போங்கள் என்று மட்டும் சொன்னேன்.

விசாரணை நடந்த நாலு நாளும் உன் மார்ச் மாதக் கடிதம் உன் அண்ணன் சட்டைப் பையில் இருந்தது. உன் பெயர் வந்துவிடக்கூடாது என்பதுதான் அவர் எண்ணம். நாலாம் நாள் அதைக் கிழிக்கப் போனார். நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது. இதோடு அனுப்பியிருக்கிறேன்.

அனுப்பாதே என்று சொல்ல நான் எழுதவில்லை. அந்தப் பெண்கள் சாமான் கட்டுவதைத் தினமும் பார்க்கிறேன். அனுப்புவதாக இருந்தால் பாதியை அனுப்பாதே. உன் அண்ணனை மட்டும் மாட்டிவிட்டு நீ சுத்தமாக நிற்காதே. எல்லாவற்றையும் அனுப்பு.

அண்ணி

✦

ஜூலை 23

அண்ணா,

அண்ணி எழுதிய பிறகு உன்னிடம் எப்படி இருக்கிறாய் என்று எந்த வாயால் கேட்பது?

இன்று காலை பதிவுத் தபாலில் எல்லாம் போய்விட்டது. பழைய சீட்டு, புதுச் சீட்டு, பதிவேட்டின் நகல், மகரந்தக் கணக்கு, மேனேஜரைப் பற்றி நீ எழுதியது. எல்லாவற்றுக்கும் மேலே என் மார்ச் 18 கடிதத்தை வைத்தேன். "ரேடியோவையே அனுப்பு" என்ற வரியின் அடியில் பென்சிலால் கோடு போட்டேன். அதிகாரி அவசரத்தில் விட்டுவிடக்கூடாது.

நகலில் துறை முத்திரை வேண்டும் என்பதால் தலைவியிடம் சொல்ல வேண்டியிருந்தது. முழுவதையும் படித்தார். "தடை போட்ட எடத்துல கல்லு எடுக்கச் சொல்லி இங்கேருந்து ஒருத்தி எழுதினான்னு ஆகும். டிசம்பர்ல உனக்கு இங்க ஒண்ணும் இருக்காது. தெரியுதா?" என்றார்.

"தெரியுது."

"மேல் தட்டுன்னு நம்பித்தான் கேட்டேன்னு ஒரு வரி சேர்த்துக்கலாமே. அதுவும் உண்மைதானே."

உண்மைதான். ஆனால் மேல் தட்டாக இருக்காது என்று என் கண் அப்போதே சொல்லிவிட்டது அண்ணா. அதே கடிதத்தில், கொஞ்சம் மேலே, நானே அதை எழுதியும் இருக்கிறேன். கருப்பாக இருக்கும் என்று பாதி தெரிந்துகொண்டே ஆளை அனுப்பச் சொன்னேன். உன் சீட்டு எனக்கு வசதியாக இருந்தது. அந்த ஒரு வரியைச் சேர்க்கவில்லை. தலைவி ஐந்து நகலிலும் முத்திரை குத்தினார்.

உன்னைக் காப்பாற்றிக்கொள்கிறாய் என்று எழுதினேன். அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது. நீ திட்டியாவது எழுது.

பூச்சி

✦

செப்டம்பர் 15

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உங்கள் உடல்நலம், பெண்களின் படிப்பு இவற்றையெல்லாம் விசாரித்துக் கடிதத்தைத் தொடங்குவதுதான் முறை. எனக்கு அந்த உரிமை இல்லை என்று தெரியும்.

மறுவிசாரணை முடிந்து, உங்கள் வீட்டுக்காரர் அனுப்பப்பட்டுத்தான் அங்கே போனார் என்று திருத்தி எழுதிவிட்டார்கள் என அதிகாரியின் கடிதம் வந்தது. அனுப்பச் சொன்னது நான் என்பதும் அதில் இருக்கிறது. மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதிப் பார்த்தேன். ரொம்பச் சின்னதாக இருந்தது. அடித்துவிட்டேன்.

என் அண்ணனை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர்கள் எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் எழுதிய மூன்று கடிதமும் பிரிக்காமல் திரும்பி வந்தன.

டிசம்பர் வரை எனக்கு இங்கே இடம் உண்டு. அதற்குள் அந்தக் கல்லில் இருக்கும் செடியைப் பற்றி எழுதி முடிக்க வேண்டும். இதுவரை உலகில் யாரும் பார்க்காத செடி அது. பெயர் வைக்கும் உரிமை எனக்கு. உங்கள் வீட்டுக்காரரின் பெயரை அதற்கு வைக்க நினைக்கிறேன். நூறு வருஷம் கழித்து யார் பூக்களின் தொடக்கத்தைப் பற்றி எழுதினாலும் அந்தப் பெயரை எழுதித்தான் ஆக வேண்டும். நீங்கள் சம்மதித்தால் இரண்டு வரி எழுதுங்கள்.

மேஸ்திரியின் தங்கை

✦

அக்டோபர் 6

மேஸ்திரியின் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் இருக்கிறோம். பெரியவள் பள்ளிக்கூடம் போகிறாள். சின்னவள் இன்னும் சரியாகப் பேசவில்லை. அப்பாவுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே வளர்ந்தவள், இப்போது யாருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை போலிருக்கிறது.

வீட்டில் இருந்துகொள்ளச் சொல்லிவிட்டார்கள். கட்டின சாமானைப் பிரித்துவிட்டேன். உங்கள் அண்ணி போகிற அன்றைக்கு வந்தார். உள்ளே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். இப்போது அந்த வீட்டுக்குப் புது மேஸ்திரி வந்திருக்கிறார். மேனேஜர் அதே மேனேஜர்தான்.

அவர் எப்படிச் செத்தார் என்பதைச் சரியாக எழுதச் செய்தீர்கள். அது உங்களால்தான் நடந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். அந்தக் காகிதங்களை நீங்கள் அனுப்பாமல் இருந்திருக்கலாம். உங்கள் வேலையும் போகிறது என்று அதிகாரி சொன்னார். அதற்காக நான் வருத்தப்பட வேண்டும் என்று நினைத்துப் பார்த்தேன். வரவில்லை.

பெயர் விஷயம். உங்கள் கடிதத்தைப் பெரியவள் இரண்டு தரம் படித்துக் காட்டினாள். அவளுக்குக் கொஞ்சம் ஆசைதான். "அப்பா பேரு புஸ்தகத்துல வரும்மா" என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் பெயர் என் பெண்களின் பெயருக்கு முன்னால் இருக்கிறது. அது போதும். அவரைக் கொன்ற கல்லின் மேல் அதை எழுத வேண்டாம்.

அதை ஆசைப்பட்டுக் கேட்டது நீங்கள்தானே. உங்கள் பெயரையே வைத்துக்கொள்ளுங்கள்.